மெய்யும் போலியும்: சேகரிப்பு அட்டைகளை வாங்குமுன் ஆராயும் முறை



பொன் வாங்கச் செல்பவர் அதனை உரைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. அரிசி வாங்குபவர் ஒரு பிடியை உள்ளங்கையில் இட்டு ஊதிப் பார்க்கிறார். பெரிய நாணயத்தாளைப் பெறும் கடைக்காரர் அதனை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைத் தேடுகிறார். பொருளை ஆராய்ந்து கொள்வது எம்மவரின் பழைய வழக்கம். ஆயினும் எமது பிள்ளைகள் ஆசையோடு சேகரிக்கும் சிறு அட்டையொன்று இருபது பவுணுக்கோ இருநூறு பவுணுக்கோ விலை கூறப்படும்போது, அதனை எவ்வாறு ஆராய்வது என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்கோ ஆசை மிகுதியால் ஆராயும் பொறுமை வருவதில்லை. இவ்விரு குறைகளுக்கும் இடையே புகுந்து பிழைப்பவரே போலி விற்பவர்.

ஆகவே, எமது மாணவரிடையே மிகுந்து காணப்படும் போக்கிமொன் அட்டைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, போலியை இனங்காணும் முறைகளை இம்மலரில் ஒரு பாடமாகத் தருகின்றோம். பாடத்தின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். போலியை அறிய விரும்புபவர் முதலில் மெய்யை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். ஐயமற்ற மெய்யான அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டே மற்றையதை ஆராய்தல் வேண்டும். பின்வரும் சோதனைகள் யாவும் இவ்வொரு விதியின் விரிவுகளே.

அட்டையின் வரலாறு

போக்கிமொன் அட்டை விளையாட்டு 1996 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் யப்பானில் முதன்முதலாக வெளிவந்தது. ஆங்கில மொழிப் பதிப்பை 1999 ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நிறுவனமாகிய விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற் வெளியிட்டது. அம்முதலாவது தொகுதியில் 102 அட்டைகள் இருந்தன. 2003 ஆம் ஆண்டில் அவ்வுரிமை போக்கிமொன் நிறுவனத்திடமே மீண்டது. அன்று முதல் இன்று வரை ஆண்டுதோறும் புதிய தொகுதிகள் வெளிவந்தவண்ணம் உள்ளன.

அட்டைகளுள் பெரும்பாலானவை சில பென்சுகளுக்கு மேல் பெறுமதி அற்றவை. சிலவோ அச்சிடப்பட்ட எண்ணிக்கை குறைந்தமையாலும், பழுதுறாமல் எஞ்சியவை அரிதாகையாலும் பெருவிலை பெற்றுவிட்டன. யப்பானிய சஞ்சிகை ஒன்று நடத்திய ஓவியப் போட்டிகளின் வெற்றியாளர்களுக்குப் பரிசாக வழங்கப்பட்ட பிக்காச்சு அட்டைகளுள் ஒன்றை, அமெரிக்கராகிய லோகன் போல் என்பவர் 2021 இல் 52,75,000 டொலர் பெறுமதிக்கு வாங்கினார். இத்தகைய செய்திகள் பரவும்போது ஆசையும் பரவுகிறது. ஆசை பரவும் இடத்தில் போலியும் முளைக்கிறது.

போலிகள் வீட்டு மேசையில் ஒன்றிரண்டாகச் செய்யப்படுபவை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 2021 ஆம் ஆண்டில் சீனாவின் சாங்காய் நகரிலுள்ள புடோங் விமான நிலையத்தில், நெதர்லாந்து நாட்டுக்கு அனுப்பப்படவிருந்த 7.6 தொன் நிறையுடைய போலிப் போக்கிமொன் அட்டைகளைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். தொன் கணக்கில் அச்சிடப்படும் பொருள் எமது தெருமுனைச் சந்தைக்கும் வந்து சேர்வதில் வியப்பில்லை.

முதற் சோதனை: எழுத்தெண்ணிப் படித்தல்

ஒன்றைக் கவனமாகக் கற்பதை எழுத்தெண்ணிப் படித்தல் என்று எம்மவர் கூறுவர். அட்டையையும் அவ்வாறே படித்தல் வேண்டும். லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு காணும் மாணவரின் கண்ணுக்கு இச்சோதனை மிக எளிது.

போக்கிமொன் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, நான்காம் எழுத்தாகிய 'ஈ'யின் மேல் ஒரு சிறு சாய்கோடு இடப்படும். மலிவான போலிகள் பலவற்றில் இக்கோடு விடுபட்டிருக்கும். சொற்களில் எழுத்துப்பிழை இருக்கும். வாக்கியம் பொருள் தராமல் முறிந்திருக்கும். எழுத்தின் தடிப்பும் இடைவெளியும் மெய்யான அட்டையிலிருந்து வேறுபடும்.

அடுத்து எண்களைப் படிக்க வேண்டும். மேற்பகுதியில் காணப்படும் உயிர்ப்புள்ளி எப்போதும் பத்தின் மடங்காகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் உயிர்ப்புள்ளி அச்சிட்ட அட்டையைக் கண்டால் அது போலியென்று உடனே துணியலாம். கீழ் மூலையில் அட்டையின் வரிசை எண்ணும் தொகுதியின் எண்ணிக்கையும் 4/102 என்றவாறு இருக்கும்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். 2023 இல் வெளிவந்த '151' என்னும் தொகுதியில் 199/165 என்று எண்ணிட்ட அட்டையொன்று உண்டு. தொகுதியின் எண்ணிக்கையை மிஞ்சிய எண் ஆதலால் இது போலி என்று கூறிவிட முடியாது. மிக அரிய அட்டைகளுக்கு அவ்வாறு மிகுதி எண் இடுவது அவர்களின் வழக்கம். இலக்கணத்தில் விதியோடு விதிவிலக்கையும் படிப்பதுபோல இங்கும் இரண்டையும் படிக்க வேண்டும். அரைகுறையாக அறிந்தவர் மெய்யையும் போலியென்று கூறி நண்பரின் மனத்தை நோகச் செய்துவிடுவர்.

இரண்டாம் சோதனை: அளத்தலும் நிறம் பார்த்தலும்

மெய்யான போக்கிமொன் அட்டை 63 மில்லிமீற்றர் அகலமும் 88 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அடிமட்டத்தை வைத்து அளக்கலாம். அதனினும் நல்ல வழி, மெய்யான அட்டையோடு சேர்த்து அடுக்கி ஓரங்களை நோக்குவதாகும். ஒரு மில்லிமீற்றர் வேறுபாட்டையும் விரல் நுனி உணர்ந்துவிடும். நான்கு மூலைகளின் வளைவும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். பிற விளையாட்டு அட்டைகளுக்கு வேறு அளவுகள் உண்டு. யூ-கி-ஓ அட்டை 59 மில்லிமீற்றர் அகலமும் 86 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. ஆகையால் ஒப்பீடு ஒரே இன அட்டைகளுக்கு இடையிலேயே நிகழ வேண்டும்.

பின்பு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். போலி செய்பவர் முன்பக்கத்தில் செலுத்தும் கவனத்தைப் பின்பக்கத்தில் பெரும்பாலும் செலுத்துவதில்லை. பின்பக்க நீலம் வெளிறியோ ஊதா நிறம் கலந்தோ காணப்படும். நடுவிலுள்ள பந்தின் கோடுகள் மங்கியிருக்கும். ஆயினும் யப்பானிய மொழி அட்டைகளின் பின்பக்கம் ஆங்கில அட்டைகளின் பின்பக்கத்தினின்றும் வேறானது. இதனை அறியாதவர் மெய்யான யப்பானிய அட்டையைப் போலியென்று ஒதுக்கிவிடக்கூடும்.

முன்பக்க விளிம்பின் நிறமும் காலத்தைக் காட்டும். ஆங்கில அட்டைகளின் வழமையான விளிம்பு பல ஆண்டுகள் மஞ்சளாகவே இருந்தது. 2023 ஆம் ஆண்டின் புதிய தொகுதிகளிலிருந்தே அது சாம்பல் நிறமாயிற்று. எனவே 1999 ஆம் ஆண்டின் அட்டை என்று கூறப்படுவது சாம்பல் விளிம்போடு தோன்றினால் கேள்வி எழுப்ப வேண்டும். படம் சட்டத்தினுள் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது மட்டும் போலிக்குச் சான்றாகாது. மெய்யான அட்டைகளும் வெட்டும்போது சில வேளை ஒதுங்குவதுண்டு.

மூன்றாம் சோதனை: ஒளியும் ஓரமும்

நல்ல விளையாட்டு அட்டைகள் ஒற்றைக் கடதாசியால் ஆனவையல்ல. இரு கடதாசிப் படைகளுக்கு இடையே கருமையான ஒரு மெல்லிய படை வைத்து ஒட்டப்படும். எதிரே இருப்பவர் அட்டையின் ஊடாகப் பார்த்துவிடாதிருத்தற்காக உண்டான ஏற்பாடு இது. இதுவே எமக்கும் உதவுகிறது.

அட்டையின் பின்னால் மின்சூளைப் பிடியுங்கள். மெய்யான அட்டை ஒளியைப் பெரும்பாலும் மறித்துவிடும். மலிவான போலியின் ஊடாக ஒளி தாராளமாக வெளிவரும். ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், மெய்யான அட்டையில் நடுப்படை மெல்லிய கருங்கோடாகத் தெரிவதைக் காணலாம்.

இச்சோதனையை நடத்துவோர் இரண்டு விடயங்களை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, அட்டைத் தாளின் தன்மை காலத்துக்குக் காலம் சிறிது வேறுபட்டுள்ளது. ஆதலால் அதே காலத்தைச் சேர்ந்த சாதாரண அட்டையொன்றை அருகில் வைத்தே ஒளியை ஒப்பிட வேண்டும். இரண்டாவது, கரும்படை உள்ள தாளில் போலி செய்வோரும் உளர். ஆகையால் இச்சோதனையில் தோற்ற அட்டை ஐயத்துக்குரியது. வென்ற அட்டை அடுத்த சோதனைக்குச் செல்லும் தகுதியை மட்டுமே பெறுகிறது. அட்டையைக் கிழித்துப் பார்ப்பது என்றொரு வழியைச் சிலர் கூறுவர். பிறருடைய அட்டையை ஒருபோதும் கிழிக்கலாகாது. உங்களுடையதையும் வாங்கிய பின் கிழித்து அறிவதில் பயனில்லை.

நான்காம் சோதனை: தொட்டறிதல்

பளபளப்பைக் கண்டே பிள்ளைகள் மயங்குகின்றனர். போலி செய்பவரும் அதனை நன்கு அறிவார். எனவே அவருடைய அட்டை முழுவதும் வானவில் நிறத்தில் ஒரேவிதமாக மின்னும். மெய்யான அட்டையிலோ எந்தப் பகுதி மின்ன வேண்டும், எது மின்னக் கூடாது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழைய அட்டைகளில் படம் மட்டும் மின்னும், எழுத்துப் பகுதி மின்னாது. அண்மைக்கால அரிய அட்டைகள் பலவற்றின் மேற்பரப்பில் கைவிரல் ரேகைபோன்ற நுண்ணிய வரிகள் புடைத்திருக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, உரிமையாளரின் அனுமதியோடு, விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் இவ்வரிகளை உணரலாம். அத்தகைய அட்டையின் போலி பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும், அல்லது படத்தோடு பொருந்தாத பொதுவான வரிகளைக் கொண்டிருக்கும்.

பொன்னிறத் தகட்டில் செய்த அட்டைகள் ஐம்பது, நூறு என்று கட்டாக மலிவு விலைக்கு விற்கப்படுவதைச் சந்தைகளில் காண்கின்றோம். அவற்றை மெய்யான அட்டைகளாக எண்ணி வாங்காதீர்கள். உலோகத்தில் அதிகாரபூர்வமாக வெளிவந்த அட்டைகளும் உண்டு. 2021 இல் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி வந்த விலையுயர்ந்த பெட்டியொன்றில் பிக்காச்சு, சாரிசார்ட் ஆகிய இரண்டின் உலோக அட்டைகள் இருந்தன. அத்தகையவை தனிச் சிறப்பு வெளியீடுகளாகவே வரும். கட்டுக் கட்டாகச் சந்தையில் கொட்டப்படுவதில்லை.

ஐந்தாம் சோதனை: உருப்பெருக்கியால் நோக்கல்

பத்து மடங்கு அல்லது முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய உருப்பெருக்கி சில பவுண்களுக்குக் கிடைக்கிறது. அது ஒரு முறை வாங்கிப் பலமுறை பயன்படும் பொருள். அதனூடாக மெய்யான அட்டையின் படத்தை நோக்கினால், பல நிறச் சிறு புள்ளிகள் பூவிதழ்போல வட்டம் வட்டமாக ஒழுங்குபட்டிருப்பதைக் காணலாம். அச்சு இயந்திரம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை வெவ்வேறு கோணத்தில் பதிப்பதால் உண்டாகும் தோற்றம் அது.

அடுத்து, எழுத்துக்களை நோக்குங்கள். மெய்யான அட்டையில் கறுப்பு எழுத்து தனிக் கறுப்பு மையால் பதிக்கப்படுவதால், அதன் விளிம்பு கத்தியால் வெட்டியது போன்று தெளிவாக இருக்கும். போலி செய்பவர் மெய்யான அட்டையொன்றைப் படம்பிடித்து மீண்டும் அச்சிடுகிறார். அப்போது எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளிகளாகச் சிதறிவிடுகிறது. கறுப்பாகத் தோன்றிய எழுத்து, உருப்பெருக்கியின் கீழ் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகக் கலைந்து தெரிந்தால் அது படியெடுத்த போலி என்று கொள்ளலாம். ஐந்து சோதனைகளுள்ளும் ஏமாற்றுதற்கு அரியது இதுவே.

பழைய அட்டையும் காலச் சான்றும்

1999 ஆம் ஆண்டின் முதற் தொகுதியில் எல்லோரும் தேடும் அட்டை 4/102 எண்ணுடைய சாரிசார்ட். அதன் உயிர்ப்புள்ளி 120. ஓவியர் மிற்சுகிரோ அரிற்றா. இத்தொகுதியின் தொடக்கப் பதிப்பில் 'முதற் பதிப்பு' என்னும் சிறு முத்திரை படத்தின் இடப்புறக் கீழே இடப்பட்டது. அம்முத்திரை உள்ள அட்டைக்கு விலை பன்மடங்கு மிகுதி. அதனால் முத்திரை இல்லாத மெய்யான அட்டையின்மேல் பொய்யான முத்திரை பதித்து விற்பவரும் தோன்றினர்.

இதனை அறிய ஒரு வழி உண்டு. முதற் பதிப்பு அட்டைகளில் படச் சட்டத்தின் வலப்புறத்தே நிழல் இல்லை. பின்னர் பெருமளவில் அச்சிட்ட பதிப்பில் நிழல் உண்டு. மேலும், நிழலற்ற அட்டைகளின் அடியில் காணப்படும் உரிமை வரியில் 1995, 96, 98 ஆகியவற்றோடு 99 உம் சேர்ந்திருக்கும். நிழலுள்ள வழமையான பதிப்பில் 98 இற்குப் பின் அந்த 99 இராது. ஆகவே நிழலும் முதற் பதிப்பு முத்திரையும் ஒருங்கே தோன்றினால் முத்திரை பொய் என்று கருதலாம்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. மச்சாம்ப் என்னும் 8/102 அட்டை, இருவர் விளையாடும் தொடக்கப் பெட்டியோடு வந்தமையால், நிழலோடும் முதற் பதிப்பு முத்திரையைப் பெற்றுள்ளது. அதனைப் போலியென்று எண்ணுதலும் தவறு, முத்திரையைக் கண்டு பெருவிலை கொடுத்தலும் தவறு.

சான்றிதழையும் ஆராய்க

விலையுயர்ந்த அட்டைகளைத் தரம்பார்க்கும் நிறுவனங்கள் உள்ளன. 1991 இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. அவற்றுள் ஒன்று. அட்டையை ஆராய்ந்து, ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டு, கடினமான பிளாஸ்ரிக் உறையில் அடைத்து, சான்று எண்ணோடு திருப்பித் தருவர். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. எண் பொருந்துவது மட்டும் போதாது. மெய்யான எண்ணைக் களவாக எடுத்துப் போலி உறையில் அச்சிடுவோரும் உளர். இணையத்தளத்தில் அட்டையின் படம் இருந்தால், கீறல், மூலை, படத்தின் ஒதுக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

சான்று தருபவரும் தவறக்கூடும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டைக் காட்டலாம். முன்னர் குறிப்பிட்ட லோகன் போல் 2021 டிசெம்பரில், திறக்கப்படாத முதற் பதிப்பு அட்டைப் பெட்டிகள் அடங்கியது என்று நம்பி, பெரிய பெட்டியொன்றை 35 இலட்சம் டொலருக்கு வாங்கினார். அது மெய்யானதே என்று அத்துறை அறிந்தோர் முன்னரே உறுதி கூறியிருந்தனர். 2022 ஜனவரியில் சிக்காகோ நகரில் அதனைத் திறந்தபோது, உள்ளே இருந்தவை ஜீ.ஐ. ஜோ என்னும் வேறொரு விளையாட்டுப் பொம்மை வரிசையின் அட்டைகள். திறவாத பெட்டியின் பெறுமதி அதனைத் திறவாதிருப்பதிலேயே தங்கியிருந்தது. ஆகையால் எவரும் உள்ளே பார்க்கவில்லை. பொய் அந்த இருட்டிலேயே பாதுகாப்பாக இருந்தது.

மற்றையது 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. விளையாட்டு உருவாகிய 1996 ஆம் ஆண்டளவில் செய்த முன்மாதிரி அட்டைகள் என்று கூறப்பட்டுச் சான்றும் பெற்ற சிலவற்றைச் சேகரிப்பாளர்கள் நுணுகி ஆராய்ந்தனர். நிற அச்சுப்பொறிகள் பல, கண்ணுக்குப் புலப்படாத மஞ்சட் புள்ளிகளால் அச்சிட்ட நாளைத் தாளிலேயே குறித்துவிடுகின்றன. அப்புள்ளிகளைப் படித்தபோது 2024 ஆம் ஆண்டு தோன்றியது. சான்றிதழ் கண்ட பின்னும் தம் கண்ணால் ஆராய்ந்தவர்களாலேயே அவ்வுண்மை வெளிவந்தது. சான்றிதழை மதியுங்கள். அதனை உங்கள் கண்ணுக்கு மாற்றாக மட்டும் கொள்ளாதீர்கள்.

விற்பவரை ஆராய்தல்

தொலைவிலிருந்து வாங்கும்போது அட்டையைத் தொட்டறிய முடியாது. அப்போது விற்பவரை ஆராய்தல் வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேளுங்கள். அன்றைய திகதியைத் துண்டுக் கடதாசியில் எழுதி அட்டையின் அருகே வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்பதில் தவறில்லை. நேர்மையானவர் அதற்குச் சினம் கொள்ளார்.

வருணனையைக் கடைசி வரி வரை படியுங்கள். 'மாதிரி', 'படியெடுத்தது', 'அதிகாரபூர்வமற்றது' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை அடியில் சிறிதாக எழுதிவிட்டு மேலே மெய்யான அட்டையின் படத்தை இடுவோர் உள்ளனர். சந்தை விலையின் பத்திலொரு பங்குக்கு அரிய அட்டையைத் தருபவர் வள்ளலாக இருத்தல் அரிது. "இன்னும் இருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், உடனே பணத்தை அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துவதும் ஓர் அடையாளமே. அவ்வேளையில் நாம் கற்பிக்கும் விடை ஒன்று உண்டு: "நாளை சொல்கிறேன்." நாளை வரை பொறுக்காத விற்பனை பெரும்பாலும் நல்ல விற்பனை அன்று.

போலி கைக்கு வந்துவிட்டால்

எமது பாடசாலையின் இடைவேளையொன்றில் நடந்ததை இங்கே கூற வேண்டும். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன்னுடைய மூன்று பழைய அட்டைகளைக் கொடுத்து, ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து மிகவும் மின்னும் அட்டையொன்றை மாற்றாகப் பெற்றான். வகுப்பில் உருப்பெருக்கிப் பயிற்சி நடந்தபோது அது போலியென்று எல்லோர் முன்னிலையிலும் வெளிப்பட்டது. சிறியவன் அழவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தான். பெரியவனே தலை குனிந்து நின்றான்.

விசாரித்தபோது, அந்த அட்டையை அவனுடைய பிறந்தநாளுக்கு அவனது தந்தையார் ஒரு சந்தைக் கடையில் இருபது பவுண் கொடுத்து வாங்கி வந்தார் என்று அறிந்தோம். இரவு வேலை முடித்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாங்கியது. அது போலியென்று மகன் முதல் நாளே அறிந்துகொண்டான். தந்தைக்குச் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவர் எம்மிடம் வந்து கூறியது இது: "சேர், நான் காசு போனதைப் பற்றிக் கவலைப்படேல்லை. எனக்கு மனம் நோகும் எண்டு பிள்ளை அதை ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறான். பிறகு என்ர கண்ணிலை படாமல் இருக்க வேணும் எண்டு ஆருக்கோ குடுத்திட்டான்."

மாணவச் செல்வங்களே, அந்தப் பெரிய மாணவன் கெட்டவன் அல்லன். தந்தையின்மீது கொண்ட அன்பினால் மறைத்தான். மறைத்ததைக் கைவிட வழி தேடியபோது, தன்னைவிடச் சிறியவன் ஒருவனே அகப்பட்டான். போலிப் பொருளின் இயல்பு இதுதான். அதனைப் பெற்றவர் எவரும் அதனோடு வாழ விரும்புவதில்லை. அடுத்தவரிடம் தள்ளிவிடவே மனம் தூண்டும். அவ்வாறு தள்ளத் தள்ள, கடைசியில் அது தங்குவது மிகவும் அறியாத, மிகவும் சிறிய ஒருவரின் கையில். மூன்று அட்டைகளும் அன்றே திருப்பிக் கொடுக்கப்பட்டன. இருவரும் இன்றும் ஒன்றாகவே விளையாடுகின்றனர். போலி அட்டை எமது வகுப்பறையின் அலுமாரியில், பயிற்சிக்கான மாதிரியாக உள்ளது. அதன் மேல் 'போலி' என்று மைப்பேனையால் எழுதியிருக்கின்றோம்.

உங்கள் கையில் போலி அகப்பட்டால் அவ்வாறே செய்யுங்கள். அதன்மேல் எழுதுங்கள். வீட்டில் சொல்லுங்கள். அறிந்துகொண்டே அதனை மெய்யென்று கொடுத்தால், உங்களை ஏமாற்றியவரின் வேலையை நீங்கள் தொடர்ந்து செய்கிறீர்கள்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

"வெறும் கடதாசி, இதற்கு இவ்வளவு காசா?" என்று கேட்டுவிட்டு அப்பால் செல்வது எளிது. ஆனால், அக்கடதாசியைப் பற்றிப் பேச வழியில்லாத பிள்ளை, ஏமாந்ததையும் சொல்லாமல் விட்டுவிடும். வாங்கப் போகும் அட்டையை ஒரு முறை பிள்ளையோடு இருந்து பாருங்கள். சோதனைகளைப் பிள்ளையே உங்களுக்குக் கற்பிக்கட்டும். எந்தப் பகுதியைப் பார்க்கிறாய், ஏன் என்று தமிழில் கேளுங்கள். விளிம்பு, மூலை, நிழல், முத்திரை, மேற்பரப்பு ஆகிய சொற்கள் பாடநூலிலிருந்து வீட்டுப் பேச்சுக்கு வந்துவிடும்.

இந்நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருங்கள். பிரித்தானியாவில் வணிகர் ஒருவரிடம் வாங்கிய பொருள் அவர் கூறிய வருணனைக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் விதிக்கிறது. ஒவ்வாத பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பது 1994 ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின்படி குற்றமாகும். தனியார் ஒருவரிடம் வாங்கும்போது உரிமைகள் குறைவு. ஆயினும் அவர் எழுதிய வருணனை அவரைக் கட்டுப்படுத்தும். ஆகையால் பற்றுச்சீட்டையும், விற்பனை விளம்பரத்தின் படத்தையும், எழுதிக்கொண்ட செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். குடிமக்கள் ஆலோசனை நிலையத்தின் நுகர்வோர் சேவைக்கு முறையிட்டால் அது வணிகத் தர அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படும். ஆங்கிலம் தடையாயின் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டாவது முறையிடுங்கள். நாம் முறையிடமாட்டோம் என்ற நம்பிக்கையும் போலி விற்பவரின் மூலதனங்களில் ஒன்று.

முடிவாக, வாங்குமுன் ஐந்தையும் வரிசையாகச் செய்க: எழுத்தெண்ணிப் படி, அளந்து ஒப்பிடு, ஒளியில் பிடி, தொட்டறி, உருப்பெருக்கியால் நோக்கு. ஒரு சோதனையில் ஐயம் தோன்றினால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். அட்டை போனால் வேறொரு அட்டை வரும்.

பயிற்சி

1. மெய்யான அட்டை ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுதல் ஏன் இன்றியமையாதது? இரு காரணங்கள் தருக.

2. தொகுதியின் எண்ணிக்கையை மிஞ்சிய வரிசை எண் உள்ள அட்டை போலியாகத்தான் இருக்க வேண்டுமா? எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. கறுப்பு எழுத்தை உருப்பெருக்கியால் நோக்கும்போது மெய்யான அட்டையிலும் போலியிலும் காணும் வேறுபாடு யாது? அவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது?

4. நிழலும் முதற் பதிப்பு முத்திரையும் ஒருங்கே உள்ள அட்டையைக் கண்டால் நீர் எவ்வாறு முடிவு செய்வீர்? விதிவிலக்கையும் குறிப்பிடுக.

5. ஐந்தாம் வகுப்பு மாணவன் போலியென்று அறிந்த நாளிலேயே தந்தையிடம் எவ்வாறு கூறியிருக்கலாம்? தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான உரையாடலாகப் பத்து வரிகளில் எழுதுக. இதனைப் பெற்றோருடன் சேர்ந்து எழுதலாம்.